அனாயேலியின் டிக்-டிக் கதை

அனாயேலிக்கு வீட்டில் வாய் கிடையாது. நான் சொல்லவில்லை, அவன் மனைவி அய்கா சொன்னது. தெங்கேரு சந்தையில் தான் விற்கும் வாழைத்தார்களுக்கு நடுவே நின்றுகொண்டு போகிற வருகிற எல்லோர் காதிலும் விழும்படி சொல்வாள். "எங்க வீட்டு மனுஷன் பேசறதைக் கேக்கணும்னா ஜெர்மனியில பொறந்திருக்கணும்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அருஷாவிலிருந்து காட்டுக்கு ஆளேற்றிப் போகும் வண்டிக்காரர்களில் அனாயேலியைப் போல் பேசுகிறவன் கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். வந்துபோன வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போய், "அந்தச் சிரிக்கச் சிரிக்கப் பேசும் மனிதரின் வண்டிதான் வேண்டும்" என்று தங்கள் மாமன் மச்சான்களை அனுப்பி வைப்பார்கள். அப்படிப்பட்ட மனிதனுக்கு வீட்டில் வாயில்லை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

நானும் வண்டிக்காரன்தான். பெயர் கிடமிஸ், கராத்து ஊர்க்காரன். அனாயேலியும் நானும் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் ஒரே முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் அதற்கு முன்னால் மேரு மலையில் ஏறுபவர்களுக்கு மூட்டை தூக்கினான், பிறகு வண்டி கழுவினான், பிறகு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரம் மாற்றினான். இங்கிலீஷைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்ல. வந்தவர்கள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டான். அதனால் அவன் இங்கிலீஷில் பாதி ஜெர்மன் வாடை அடிக்கும், கால்வாசி அமெரிக்கா.

எங்கள் தொழிலைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஓர் எண்ணம் உண்டு. கொடுத்து வைத்தவர்கள், தினமும் யானை பார்க்கிறார்கள், சிங்கம் பார்க்கிறார்கள், அதற்குச் சம்பளம் வேறு என்று. வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். வெயில் காலத்தில் எங்கள் சாலை முழுக்க வரிவரியாக மேடு. அதன்மேல் ஆண்டுக்கணக்கில் குலுங்கினால் இடுப்பு என்று ஒன்று இருந்தது ஞாபகத்தில் மட்டும்தான் மிஞ்சும். அனாயேலி சட்டைக்குள் அகலமான தோல் பட்டை கட்டியிருப்பான். வண்டியிலிருந்து இறங்கும்போது முதலில் ஒரு காலை வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்த காலை வைப்பான். புழுதி நுரையீரலுக்கு, குலுக்கல் சிறுநீரகத்துக்கு. ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். சிங்கம் எப்போது எழுந்திருக்கும் என்று பின்னால் நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எவன் கதவைத் திறந்து இறங்குவான்?

இதெல்லாம் உடம்புக் களைப்பு. படுத்தால் போய்விடும். போகாதது வாய்க் களைப்பு. சிங்கம் வண்டிக்குள் குதிக்குமா? உனக்கு எத்தனை குழந்தைகள்? உன் அம்மா குடிசையிலா இருக்கிறாள்? ஒவ்வொரு கும்பலும் இதையே கேட்கும், தாங்கள்தான் முதன்முதலாகக் கேட்பதுபோல. நாமும் முதன்முதலாகப் பதில் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை சிரித்த முகம். ராத்திரி கன்னம் வலிக்கும், சத்தியமாகச் சொல்கிறேன்.

அதனால்தான் எங்கள் எல்லோரிடமும் கைவசம் கதைகள் உண்டு. விலங்கு கண்ணில் படாத நாளில் கதைதான் மானத்தைக் காப்பாற்றும். ஒருவன் கதையை இன்னொருவன் எடுத்துக்கொள்வது எங்களுக்குள் களவு ஆகாது. பக்கத்து வீட்டில் அடுப்புக்கு நெருப்பு வாங்கி வருவதுபோலத்தான். பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் மரியாதை. அப்படி எடுக்கப்பட்ட கதைகளில் அதிகம் ஓடியது அனாயேலியின் டிக்-டிக் கதை. எங்களில் பாதிப் பேர் அதைச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறோம்.

வீட்டில் நடப்பது வேறு கதை. ஒரு சுற்று முடிந்து வந்தால் அனாயேலி குளிப்பான், படுப்பான். மறுநாள் மதியம்வரை பிணம். எழுந்ததும் அய்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்தத் தடவை என்ன பார்த்தீங்க?" என்று கேட்பாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். அவன், "சாப்பாடு இருக்கா?" என்பான். சாப்பிடுவான். வாழைத்தோப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அப்போது போன் அடிக்கும். அடுத்த கும்பல் விமான நிலையத்தில் இறங்கப்போகிறது என்று முதலாளி வீட்டிலிருந்து சொல்வார்கள், இல்லையென்றால் அந்தக் கும்பலில் ஒருவரே பேசுவார். உடனே அனாயேலியின் குரல் மாறும். அப்படியே தேன் வடியும். ஹலோ மை ஃப்ரெண்ட் என்பான், ஒரு ஜோக் அடிப்பான், அந்தப் பக்கம் சிரிப்பது இந்தப் பக்கம் கேட்கும். போனை வைத்ததும் மறுபடி தோப்பைப் பார்ப்பான்.

அய்காவைச் சுட்டது அவன் மௌனம் இல்லை, அந்தக் குரல்தான். "அது எங்கிட்டேருந்து எங்கே போய் ஒளிஞ்சுக்குது?" என்று என் மனைவியிடம் ஒருமுறை கேட்டாளாம். என் மனைவி அதை என்னிடம் சொன்ன தோரணையில் எனக்கும் ஒரு குட்டு இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், பெண்டோ. மவான்சாவில் நர்ஸ் வேலை, அங்கேயே கல்யாணம். போன வருடம் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. வேலைக்குத் திரும்ப வேண்டும், அம்மா வந்து கூடவே இருக்கட்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, ஒரேயடியாக. அய்கா பிடிகொடுக்காமல் இருந்தாள். மார்ச் மாதக் கடைசியில், பெருமழை தொடங்கும் சமயத்தில், அனாயேலி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள்.

அவன் என்னிடம் இதைச் சொன்னது முதலாளியின் கொட்டகையில், வண்டிக்கடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது. அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன.

"ஒரு நாள் என்னை உங்க வண்டியில விருந்தாளியாக் கூட்டிட்டுப் போங்கன்னா. அவங்ககிட்ட பேசற மாதிரி எங்கிட்ட ஒரு நாள் பேசுங்க. பேசினா இருக்கேன். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை பஸ்ல மவான்சாவுக்குப் போயிடறேன். பேத்திங்களுக்கும் பேச்சு வராதுதான், அதுங்க கத்தவாவது செய்யும்ங்கறா."

"சண்டை போட்டாங்களா?"

"சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். சாதாரணமாச் சொன்னா."

"அப்புறம் என்ன, கூட்டிட்டுப் போ. முதலாளி மழை மாசத்துல வண்டி தரேன்னுதானே சொல்றார்."

"என்னடா பேசறது?"

"யானையைக் காட்டி யானைன்னு சொல்லு."

"அவளுக்குத் தெரியாதா அது யானைன்னு?" என்றான். வண்டிக்கடியிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

இத்தனை வருடத்தில் அய்கா ஒரு முறைகூடக் காட்டுக்குள் போனதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவள் மட்டுமா? என் மனைவியும் போனதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்காவது சிங்கம் தெரியும் என்றால் அது காலண்டரில் பார்த்த சிங்கம்தான். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரலில் எங்கள் பக்கம் யாரும் வரமாட்டார்கள். தரங்கிரிக் காட்டில் புல் ஆளுயரம் வளர்ந்துவிடும், யானைக் கூட்டமெல்லாம் வேலி இல்லாத பக்கமாகக் கலைந்து போயிருக்கும், கரிசல் மண் வண்டியை அச்சோடு விழுங்கும். அந்த மாதத்தில் வருகிறவர்கள் இரண்டு வகை. விவரம் தெரியாதவர்கள் ஒரு வகை, சொன்னாலும் கேட்காதவர்கள் இன்னொரு வகை. எனக்கு வாய்த்தவர்கள் இரண்டாம் வகை. நார்வே நாட்டிலிருந்து வந்த அக்கா தங்கை, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மழை பெய்தால் சிரித்தார்கள். வெயில் அடித்தாலும் சிரித்தார்கள். சதுப்பு ஓரத்தில் என் வண்டி பின் சக்கரம் முழுகிச் சாய்ந்து நின்றபோது கைதட்டிச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேடியோவில் கூப்பிட்டேன். எங்கள் ரேடியோவில் மற்ற மாதங்களில் காது கொடுக்க முடியாது, அத்தனை சளசளப்பு. விருந்தாளிகளுக்குப் புரிந்து எதிர்பார்ப்பு ஏறிவிடக் கூடாது என்று சிங்கத்தை மீசைக்காரன் என்போம், சிறுத்தையை மாடிவீட்டுக்காரன் என்போம். அன்றைக்கு மீசைக்காரனும் இல்லை, மாடிவீட்டுக்காரனும் இல்லை, வெறும் இரைச்சல். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு குரல் வந்தது.

"எங்கே மாட்டிக்கிட்டே?"

அனாயேலி. அன்றைக்குத்தான் அவன் அய்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு யாராவது பதில் சொல்லக் கூடாதா என்று இருந்தது. அந்த மழையில் வேறு யார் இருக்கிறார்கள்?

வந்தான். கயிறு கட்டி இழுத்தான். கயிறு அறுந்தது, வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது. டிராக்டர் வராமல் நகராது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டவனின் விருந்தாளிகளை முதலில் வருகிற வண்டி ஏற்றிக்கொள்ள வேண்டும், அந்த வண்டியில் யார் இருந்தாலும் சரி. முடியாது என்று சொன்னவன் எவனும் இல்லை. அனாயேலி என்னைப் பார்த்தான், நான் சேற்றைப் பார்த்தேன். "ஏறச் சொல்லு," என்றான்.

அக்காவும் தங்கையும் அவனுக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் சேற்றுக் காலோடு அதற்கும் பின்னால் போனேன். அங்கே அய்கா இருந்தாள். கோயிலுக்குப் போகும்போது கட்டும் மஞ்சள் பூப்போட்ட துணி, தலையில் அதே துணியில் முண்டாசு, மடியில் சாப்பாட்டுப் பெட்டி. விருந்தாளியாக வந்தவள் விருந்தாளிபோலவே உடுத்தியிருந்தாள். முகம் மட்டும் பூட்டிக் கிடந்தது.

"எப்படி இருக்கு அண்ணி, சஃபாரி?"

"உங்க அண்ணன் நல்லா ஓட்டறார் தம்பி. காலையிலேருந்து ரெண்டு தடவை பேசினார். ஒரு தடவை, ஜன்னலைச் சாத்து, ஈ வருதுன்னார். இன்னொரு தடவை, யானைன்னார்."

"யானை பார்த்தீங்களா?"

"பின்பக்கத்தைப் பார்த்தேன். அதுக்கும் பேச இஷ்டமில்ல போல."

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு சப்பாத்தியை என் கையில் வைத்தாள். வாழைக்காயும் இறைச்சியும் வேகவைத்த குழம்பு இன்னும் சூடாக இருந்தது. அவள் சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை. அவனும்தான்.

வண்டி நகர்ந்தது. நார்வே அக்கா முன்னால் குனிந்து ஏதோ கேட்டாள். அவ்வளவுதான். யாரோ பொத்தானை அழுத்தியதுபோல அனாயேலியின் முதுகு நிமிர்ந்தது, தலை பக்கவாட்டில் திரும்பியது, அந்தக் குரல் வந்துவிட்டது. வெல்கம், வெல்கம். உங்களுக்காகத்தான் மழையை நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்த மரத்துக்கு வயது ஆயிரம், என் முதலாளியைவிட இரண்டு வருடம் குறைவு. சகோதரிகள் சிரித்துச் சாய்ந்தார்கள். என் பக்கத்தில் அய்கா சப்பாத்திப் பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினாள். 

அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது அவன் வேண்டுமென்று செய்ததில்லை. குதிரைக்கு லாடம் அடித்ததுபோல் அவனுக்கு அது அடிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே ஓங்கி ஒன்று வைக்கலாம்போல் இருந்தது.

வழியில் ஒன்றும் தென்படவில்லை. புல், ஈரம், மறுபடி புல். சகோதரிகளின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. இப்படி ஓய்ந்துபோகும் நேரத்துக்குத்தான் எங்கள் கதைகள். சரியாக அந்த நேரம் பார்த்து முள்புதருக்குப் பக்கத்தில் இரண்டு டிக்-டிக் நின்றன. முயலுக்கு மான் வேஷம் போட்டதுபோல் இருக்கும், அவ்வளவு சின்ன மான். கண்ணின் ஓரத்தில் மை வழிந்ததுபோல் ஒரு கறுப்புப் புள்ளி. எப்போதும் ஜோடியாகத்தான் நிற்கும்.

அனாயேலி வண்டியை நிறுத்தினான். நான் மனதுக்குள், வேண்டாமடா, வேண்டாமடா என்றேன். அவன் தொடங்கிவிட்டான்.

கதை இதுதான். டிக்-டிக்குக்கு ஆயுசுக்கும் ஒரே துணை. அவன் ஒரு புதர் என்றால் அவளும் அதே புதர். ஒன்றைப் புலியோ கழுகோ கொண்டுபோய்விட்டால் மற்றது தின்பதை நிறுத்திவிடும், ஒளிவதையும் நிறுத்திவிடும், வந்து என்னையும் கொண்டுபோ என்று வெட்டவெளியில் நிற்கும். இது உண்மையா என்று ஆராய்ச்சிக்காரர்களைக் கேட்காதீர்கள். எங்கள் காட்டில் புலியே கிடையாது, அனாயேலி கதையில் அதுவும் வரும், யாரும் கேட்டதில்லை. இதற்குப் பிறகுதான் அவன் குரலைத் தாழ்த்துவான். என் வீட்டிலும் ஒரு டிக்-டிக் உண்டு. பெயர் அய்கா.

பக்கத்தில் அய்கா நிமிர்ந்தாள்.

"என் பேரையா சொன்னார்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் வெளியே பார்த்தேன்.

"தம்பி, உன்னைத்தான் கேக்கறேன். என் பேரைச் சொல்லி என்ன சொல்றார்?"

பொய் சொல்லியிருக்கலாம். விலங்கு பெயர் என்று எதையாவது உளறியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்தபிறகு எனக்கு அது வரவில்லை. அவன் சொல்லச் சொல்ல, நான் அவள் காதருகில் எங்கள் பாஷையில் சொல்லிக்கொண்டே வந்தேன். கதை எனக்கு மனப்பாடம், அவனுக்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

அனாயேலி சொன்னது இது: நான் உங்களைப் போன்ற நல்லவர்களோடு வாரக்கணக்கில் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போவேன். போனதும் விழுந்து தூங்கிவிடுவேன். வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது, தாயைத் தேடிக் கத்திக்கொண்டே இருக்கும். என் தூக்கம் கலையக் கூடாது என்று அய்கா தன் தலைத்துணியைக் கிழித்து அதன் வாயைக் கட்டி, மடியில் போட்டுத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நான் கண் விழித்ததும், இந்தத் தடவை என்ன பார்த்தீங்க என்று கேட்பாள். நான் சொல்வேன்: யானை பார்த்தேன் அய்கா, சிங்கம் பார்த்தேன், பறவைகள் பார்த்தேன். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன், உன்னைப் போல ஒன்றைப் பார்க்கவில்லை.

கடைசி வரிக்கு வரும்போதுதான் அனாயேலி கண்ணாடியில் பின்னால் பார்த்தான். என் வாய் அசைவதையும் அவள் முகத்தையும் சேர்த்தே பார்த்திருப்பான். பேச்சு நின்றது. தங்கைக்காரி, "அப்புறம்?" என்று கேட்டாள். பாதியில் விட முடியுமா? அந்தக் கடைசி வரியை அவன் சொன்னான், காதில் விழுந்தும் விழாததுமாக. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அவன் தோளைத் தட்டினாள். இரண்டு டிக்-டிக்கும் புதருக்குள் போய்விட்டன.

அந்தப் புதர் மறையும்வரை அய்கா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"இந்தக் கதையை நீங்க எல்லாருமே சொல்வீங்களா?"

"சொல்வோம் அண்ணி. நானும் சொல்லியிருக்கேன். என் பொண்டாட்டி பேரைப் போட்டு."

"உன் பொண்டாட்டி ஆட்டு வாயைக் கட்டினாளா?"

"எங்க வீட்டுல ஆடே கிடையாது."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"ஆட்டுக்குட்டி நிஜம்," என்றாள். "பெண்டோ வயித்துல இருந்த வருஷம். தலைத்துணியைக் கிழிச்சதும் நிஜம். நான் கேக்கறதும் நிஜம், இப்பவும் கேக்கறேன். ஆனா அந்தப் பதில் இருக்கே தம்பி, அதை அவர் எங்கிட்ட எப்பச் சொன்னார்?"

எனக்கு எப்படித் தெரியும்?

"அந்தப் பதில் எனக்கு வர வேண்டியது," என்றாள். "அதை ஊர் முழுக்கக் குடுத்திருக்கார்."

சகோதரிகளை அவர்கள் தங்கும் விடுதியில் இறக்கினோம். என்னைக் காட்டின் வாசலில் விட வேண்டும், அங்கேதான் டிராக்டருக்குச் சொல்லியிருந்தது. அனாயேலி வண்டியைக் கிளப்பப் போனபோது அய்கா இறங்கி, சுற்றி வந்து, அவனுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை, எங்கே தூக்கம் வரும்?

"சொல்லுங்க," என்றாள்.

"என்ன?"

"அவங்ககிட்ட சொன்னதை எங்கிட்ட சொல்லுங்க. நம்ம பாஷையில."

வண்டி போய்க்கொண்டே இருந்தது. துடைப்பான் கண்ணாடியைக் கீறிக்கொண்டே இருந்தது. அவன் தொண்டையைச் செருமினான். "டிக்-டிக்குன்னு ஒண்ணு இருக்கு பெண்டோ அம்மா," என்று தொடங்கினான். நின்றுவிட்டான். மறுபடி செருமினான்.

"வரல," என்றான்.

"ஏன் வரல?"

"இங்கிலீஷ்ல அது தானா ஓடும். நம்ம பாஷையில சொல்லிப் பழக்கமில்ல."

"அதுலகூட என் பேரைச் சொல்றீங்க. அய்கா அய்கான்னு. எங்கிட்ட பெண்டோ அம்மா. என் பேரை உங்க வாயால கேட்டு எத்தனை வருஷமாச்சுன்னு தெரியுமா? வெள்ளைக்காரிக்குப் பின்னால உக்காந்து ஒட்டுக் கேக்க வேண்டியிருக்கு."

அவன் கியரை மாற்றினான். எங்கள் பக்கம் குழந்தை பிறந்தபிறகு பெண்ணுக்குச் சொந்தப் பெயர் போய்விடும், குழந்தையின் பெயர்தான். அதில் தப்பு இருப்பதாக நான் அதுவரை நினைத்ததில்லை.

"காலையிலேருந்து ஏன் பேசலை? அதைக் கேட்டுத்தானே வந்தேன்?"

இதற்கு அவன் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன்.

"நான் சந்தோஷமா இருந்தேன்," என்றான். "இத்தனை வருஷத்துல இந்த ரோட்டுல வாயை மூடிக்கிட்டு ஓட்டினது இன்னிக்கு ஒரு நாள்தான். பின்னால இருக்கறது நீதான், நடிக்க வேண்டாம்னு இருந்துச்சு. அதுதான் நான் உனக்குத் தர்றதுன்னு நெனச்சேன்."

அய்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வீட்டுக்கு வர்றப்போ எங்கிட்ட ஒண்ணும் மிச்சம் இருக்கறதில்ல," என்றான் அவன் மறுபடி. "எல்லாம் செலவாயிடுது. அவ்வளவு களைப்பு."

"களைப்பு எனக்கும் உண்டு. வாழைத்தாரை உங்க அம்மாவா வந்து தூக்கினாங்க? மிச்சத்தை நான் கேக்கல. உங்களுக்குன்னு பானையில முதல்ல எடுத்து வைக்கறோமே, அதைக் கேட்டேன்."

 காட்டு வாசலில் நான் இறங்கும்போது, "ஞாயித்துக்கிழமை போறேன் தம்பி. உன் வீட்டுல சொல்லிடு," என்றாள் அய்கா. அனாயேலி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எனக்கு இருபது வருடத்துக்குமேல் தெரியும், அவ்வளவு கிழவனாக நான் பார்த்ததில்லை. டிராக்டர் வரும்வரை நான் மழைக்கு ஒதுங்கி நின்று அவர்கள் இருவரையும் திட்டினேன், என்னையும் சேர்த்துத்தான்.

சனிக்கிழமை கொட்டகைக்கு வந்தான். வண்டிச் சாவியை முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

"லீவா?" என்றேன்.

"தெரியல. ஜூன்ல ஆள் வர ஆரம்பிச்சதும் கூப்பிடுவாங்க. அப்ப பார்க்கலாம்."

"எங்கே போறே?"

"அவகூட."

"பேசிட்டியா?"

"பேச வரலைடா," என்றான். "ரெண்டு நாளா முயற்சி பண்ணிட்டேன். வாயைத் திறந்தா சாப்பாடு இருக்கான்னுதான் வருது. கூடப் போக முடியும். பக்கத்துல உக்கார முடியும். அது முடியும்னு தோணுச்சு."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"ஜன்னல் ஓரம் வேணுமான்னு கேட்டா," என்றான்.

இடுப்புப் பட்டையைச் சரி செய்துகொண்டு நடந்தான். எனக்கு அவன்மேல் இரக்கமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மவான்சா பஸ்களில் ஒன்று செரெங்கேட்டிக் காட்டு வழியாகப் போகும். அதில்தான் போனார்கள். அனாயேலி ஆயிரம் தடவை ஆட்களை ஏற்றிக்கொண்டு போன அதே பாதை, எந்தக் கல்லில் எந்தப் பல்லி உட்காரும் என்பதுவரை அவனுக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து நான் மவான்சாவுக்குப் போன் போட்டேன். அய்காதான் எடுத்தாள். பின்னால் இரண்டு குழந்தைகளும் போட்டி போட்டுக்கொண்டு அழுதன.

"பஸ்ல ஏதாவது பேசினாரா அண்ணி?"

"பேசவா? ஏறி உக்காந்ததும் என் தோள்ல சாஞ்சார். காட்டுக்குள்ள நுழைஞ்சது தெரியாது, வெளியே வந்தது தெரியாது. வாயைத் திறந்துக்கிட்டு அப்படி ஒரு தூக்கம். வரிக்குதிரை வந்துச்சு, மான் கூட்டம் வந்துச்சு. ரோட்டோரமா ஒரு சிங்கம் படுத்திருந்துச்சு தம்பி, பஸ்ஸே எழுந்து நின்னு பார்த்துச்சு. நான் எழுப்பல. முன் சீட்டுல ஒரு குழந்தை கத்திக்கிட்டே வந்துச்சு. என்கிட்ட இருந்த பிஸ்கட்டையெல்லாம் ஒவ்வொண்ணா அது வாயில குடுத்துக்கிட்டே வந்தேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் காட்டோட அந்தப் பக்கத்து வாசல் தாண்டி மவான்சா ஏரி தெரியற இடத்துல முழிச்சார். கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார். சாப்பாடு இருக்கான்னு கேக்கப் போறார்னு பையைத் திறந்தேன். அய்கா, நீ என்ன பார்த்தே அப்படின்னு கேட்டார்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு கேட்டேன்.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

அழும் குழந்தைகளில் ஒன்றை அவள் தட்டிக்கொடுப்பது போனில் கேட்டது.

"அதை எதுக்கு உங்கிட்ட சொல்லணும்?" என்றாள் அய்கா. "ஜூன் வந்தா பேரை மாத்தி எவளாவது ஒரு வெள்ளைக்காரிகிட்ட சொல்லிடுவே."